கொல்லம் ரவி: பணத்துக்கும் ஒரு பண்பு உண்டு

(நாகர்கோவிலில் நிகழ்த்தப்பட்ட அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



சினிமாவைப் பற்றிய சொற்பொழிவு என்றால் ஓர் இயக்குநரையோ நடிகரையோ எடுத்துக்கொண்டு பேசுவதுதான் வழக்கம். இன்று நான் ஒரு தயாரிப்பாளரைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். கொல்லத்தில் 1933 ஜூலை 3 அன்று பிறந்து, 2023 ஜூலை 8 அன்று, தொண்ணூறு வயது நிறைந்த ஐந்தாம் நாள் மறைந்த கே. ரவீந்திரநாதன் நாயர். ஜெனரல் பிக்சர்ஸ் ரவி என்று திரையுலகத்தார் சொல்வார்கள். அச்சாணி ரவி என்று கேரளத்தின் பொதுமக்கள் சொல்வார்கள். முந்திரி ஏற்றுமதி அவருடைய தொழில். 1967 முதல் 1993 வரை அவர் எடுத்த படங்கள் மொத்தம் 14. அவற்றில் கடைசிப் பத்துப் படங்களை எடுத்துவிட்டால், மலையாளக் கலைப்படத்தின் வரலாற்றில் பெரிய பள்ளம் விழுந்துவிடும்.

கலையைப் பற்றிய நம் பேச்சில் பணத்துக்குக் கிடைப்பது பெரும்பாலும் வில்லன் வேடம்தான். பணம் போட்டவர் கதையைக் கெடுத்துவிட்டார் என்று கேட்டுக் கேட்டு நமக்குப் பழகிவிட்டது. பல நேரங்களில் அது உண்மையும்கூட. ஆனால் பணம் போடுவதற்கும் ஒரு கலை உண்டு. ஆளைத் தேர்வது, கேட்டதைக் கொடுப்பது, கொடுத்த பிறகு விலகி நிற்பது, லாபம் வந்தால் அதில் ஊருக்கும் பங்கு வைப்பது. இந்த நான்கும் ஒருவரிடம் ஒருசேர அமைவது அபூர்வம். ரவியிடம் அமைந்திருந்தது. அதைத்தான் இன்று உங்கள் முன் எடுத்துவைக்க விரும்புகிறேன்.

இந்த மேடைக்கும் இந்தப் பொருள் பொருந்தும். யாரோ ஒருவர் பாடுபட்டுச் சேர்த்த பணத்தை வைப்பு நிதியாகப் போட்டு, அதன் வட்டியில் ஆண்டுதோறும் ஒருவரை அழைத்துப் பேச வைக்கிறார்கள். என்ன பேச வேண்டும் என்று அவர்கள் சொல்வதில்லை. இந்தப் பெருந்தன்மையைத் திரைத் தொழிலுக்குள் கொண்டுபோய், கால் நூற்றாண்டுக்கு மேல் கடைப்பிடித்த மனிதரின் கதை இது.

அகஸ்தீஸ்வரத்தில் தொடங்கிய கதை

மலையாள சினிமாவின் முதல் தயாரிப்பாளர் நம் மாவட்டத்துக்காரர். இங்கிருந்து கன்னியாகுமரி போகும் வழியில் இருக்கும் அகஸ்தீஸ்வரத்தைச் சேர்ந்த ஜே.சி. டேனியல். சொத்தை விற்று, திருவனந்தபுரத்தில் திருவிதாங்கூர் நேஷனல் பிக்சர்ஸ் என்ற நிறுவனத்தைத் தொடங்கி, ‘விகதகுமாரன்’ என்ற மௌனப் படத்தைத் தயாரித்து, இயக்கி, தானே நடித்தார். தலித் பெண்ணான பி.கே. ரோசி அதில் நாயர் பெண்ணாக நடித்தார் என்பதற்காகத் திருவனந்தபுரம் கேபிடல் அரங்கில் கலவரம் நடந்தது. ரோசி ஊரை விட்டே ஓட வேண்டியதாயிற்று. டேனியல் எல்லாவற்றையும் இழந்தார். பல் மருத்துவராகப் பிழைத்து, 1975-இல் அகஸ்தீஸ்வரத்திலேயே காலமானார். உயிரோடு இருந்தவரை அவரை எந்த அரசும் கௌரவிக்கவில்லை. பிற்பாடு 1992-இல் கேரள அரசு அவர் பெயரில் வாழ்நாள் சாதனை விருதை நிறுவியது. 2008-ஆம் ஆண்டுக்கான அந்த விருது ரவீந்திரநாதன் நாயருக்குக் கிடைத்தது. படமெடுத்துத் தெருவுக்கு வந்த முதல் தயாரிப்பாளரின் பெயரால், படமெடுத்து ஊருக்கு நூலகம் கட்டிய தயாரிப்பாளரைப் பாராட்டினார்கள். இந்த இரண்டு வாழ்க்கைகளுக்கும் நடுவே மலையாளத் தயாரிப்பின் வரலாறு முழுவதும் அடங்கிவிடுகிறது.

அந்த வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மலையாளத்தின் முதல் பேசும் படமான ‘பாலன்’, 1938-இல் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸில் டி.ஆர். சுந்தரம் எடுத்தது. 1947-இல் குஞ்சாக்கோ ஆலப்புழையில் உதயா ஸ்டுடியோவைத் தொடங்கினார். சில ஆண்டுகளில் பி. சுப்ரமணியம் திருவனந்தபுரத்தை அடுத்த நேமத்தில் மெரிலாண்ட் ஸ்டுடியோவைக் கட்டினார். அதற்குப் பிறகும் நெடுங்காலம் மலையாளப் படங்களில் பெரும்பகுதி கோடம்பாக்கத்தில்தான் உருவாயிற்று. தளம், லேப், பாடல் பதிவு எல்லாம் சென்னையில்தான்.

அந்தக் காலத்துப் பட வியாபாரம் எப்படி நடந்தது என்பதை மாணவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். தயாரிப்பாளர் பூஜை போடுவார். நடிகர்களின் பெயரைக் காட்டி, ஏரியா வாரியாக விநியோகஸ்தர்களிடம் முன்பணம் வாங்குவார். போதாததற்கு ஃபைனான்சியரிடம் வட்டிக்கு எடுப்பார். ஈடாக நெகட்டிவ் உரிமையை எழுதிக் கொடுப்பார். கடன் தீர்ந்தால்தான் லேபிலிருந்து பெட்டி வெளியே வரும். இந்தச் சங்கிலியில் பணம் கொடுக்கிற ஒவ்வொருவரும் கதைக்குள் கை வைப்பார். ஒருவர் இன்னொரு பாட்டு கேட்பார், இன்னொருவர் சண்டை கேட்பார், மூன்றாமவர் முடிவைச் சுபமாக்கச் சொல்வார். தயாரிப்பாளர் கெட்டவராக இருக்க வேண்டியதில்லை. வட்டி ஓடிக்கொண்டிருந்தால் எந்த நல்லவரும் இயக்குநரை அவசரப்படுத்தத்தான் செய்வார்.

இதற்கு மாற்றாக ஒரு வழி அறுபதுகளில் திறந்தது. மத்திய அரசின் ஃபிலிம் ஃபைனான்ஸ் கார்ப்பரேஷன் புதிய இயக்குநர்களுக்குக் கடன் கொடுத்தது. அடூர் கோபாலகிருஷ்ணனும் நண்பர்களும் சித்ரலேகா கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, அந்தக் கடனைப் பெற்று, 1972-இல் ‘சுயம்வரம்’ எடுத்தார்கள். நல்ல வழிதான். ஆனால் கடன் கடன்தான், ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் இடையில் ஆண்டுகள் ஓடிவிடும். அடூரின் இரண்டாவது படமான ‘கொடியேற்றம்’ 1977-இல்தான் வந்தது. நிலையான, அவசரமில்லாத, கட்டளையிடாத பணம் ஒன்று மலையாள சினிமாவுக்குத் தேவைப்பட்டது. அது கொல்லத்திலிருந்து வந்தது.

முந்திரி ஊர்

கொல்லம் முந்திரியால் பிழைத்த ஊர். உள்ளூரில் விளையும் கொட்டை போதாமல் கிழக்கு ஆப்பிரிக்காவிலிருந்து கப்பலில் கொட்டை வரும். கொல்லத்தில் வறுத்து, உடைத்து, தோல் உரித்து, தரம் பிரித்து, டின்னில் அடைத்து வெளிநாடுகளுக்கு அனுப்புவார்கள். ரவியின் குடும்ப நிறுவனமான விஜயலக்ஷ்மி கேஷ்யூஸ் அந்தத் தொழிலில் பெரிய பெயர்.

இந்த வியாபாரத்தின் தாளம் நிதானமானது. பருவத்தில் மொத்தமாகக் கொட்டை வாங்க வேண்டும். போட்ட முதல் பருப்பாகி, கப்பலேறி, காசாகித் திரும்ப மாதங்கள் ஆகும். உலகச் சந்தையில் விலை ஏறும், இறங்கும். அதற்கெல்லாம் பதறாமல் காத்திருக்கத் தெரிந்தவர்தான் இந்தத் தொழிலில் நிலைப்பார். ரவி இந்தப் பழக்கத்தோடுதான் சினிமாவுக்குள் வந்தார் என்று நான் கருதுகிறேன். வெள்ளிக்கிழமை வசூலைப் பார்த்து வாழ வேண்டிய நிலையில் அவர் இருந்ததில்லை. வசதி இருந்ததால்தானே முடிந்தது என்று கேட்கலாம். உண்மைதான். ஆனால் கொல்லத்தில் முந்திரி முதலாளிகள் வேறு பலரும் இருந்தார்கள். ‘எலிப்பத்தாயம்’ எடுத்தவர் ஒருவர்தான்.

‘அச்சாணி’யும் நூலகமும்

ரவியின் தயாரிப்பு நிறுவனமான ஜெனரல் பிக்சர்ஸின் முதல் படம் 1967-இல் வந்த ‘அன்வேஷிச்சு கண்டெத்தியில்லா’. பாறப்புறத்தின் நாவல், கவிஞர் பி. பாஸ்கரனின் இயக்கம், பாபுராஜின் இசை. கதாநாயகி நம் கே.ஆர். விஜயா. அந்த ஆண்டின் சிறந்த மலையாளப் படத்துக்கான தேசிய விருது அதற்குக் கிடைத்தது. அடுத்து ‘லட்சப்பிரபு’ (1968), ‘காட்டுக்குரங்கு’ (1969). இரண்டும் பாஸ்கரன் இயக்கியவையே. இவை மூன்றும் பாட்டும் நட்சத்திரங்களும் கொண்ட படங்கள், ஆனால் தொடக்கத்திலேயே ரவி ஒரு நாவலையும் ஒரு கவிஞரையும் தேடிப் போயிருக்கிறார். எழுத்தின் மேல் அவருக்கிருந்த மதிப்பு முதல் படத்திலேயே தெரிந்துவிடுகிறது.

நான்காவது படம் 1973-இல் வந்த ‘அச்சாணி’. இது தமிழ் மேடையிலிருந்து போன கதை. காரைக்குடி நாராயணனின் நாடகத்தைத் தோப்பில் பாசி மலையாளத் திரைக்கதையாக்கினார். ஏ. வின்சென்ட் இயக்கினார். பிரேம் நசீர் நடித்தார். தேவராஜன் இசையில் ‘என்றெ ஸ்வப்னத்தின்’ என்று தொடங்கும் பாடலை யேசுதாஸ் திரையிலேயே தோன்றிப் பாடினார். இன்றும் கேரளத்தில் அந்தப் பாட்டு ஒலிக்கிறது. (ஐந்து ஆண்டுகள் கழித்து, நாராயணனே அந்தக் கதையைத் தமிழில் இளையராஜா இசையோடு ‘அச்சாணி’ என்று இயக்கினார்.) படம் நன்றாக ஓடியது. தயாரிப்பாளரின் பெயரோடு படத்தின் பெயர் ஒட்டிக்கொண்டது.

இந்த வெற்றிக்குப் பிறகு ரவி செய்ததுதான் என் பேச்சின் மையம். வெற்றி பெற்ற தயாரிப்பாளர் அதே குழுவோடு அடுத்த படத்துக்குப் பூஜை போடுவார். அது தொழில் தர்மம், அதில் பிழையில்லை. ரவி அந்த லாபத்தைக் கொண்டு கொல்லம் நகரத்துக்குப் பொது நூலகம் எழுப்பினார். நூலகத்தோடு சோபானம் என்ற அரங்கமும் அமைந்தது. கதகளி, நாடகம், இசை, இலக்கியக் கூட்டம் எல்லாவற்றுக்கும் ஊருக்கு ஓர் இடம் கிடைத்தது. திரையரங்கில் கொல்லத்துச் சாமானியர்கள் கொடுத்த டிக்கெட் காசு, அவர்கள் வீட்டுப் பிள்ளைகள் உட்கார்ந்து படிக்கும் மேசையாகத் திரும்பி வந்தது. திறப்பு விழாவோடு அவர் கைகழுவிப் போகவுமில்லை. நூலகத்தின் நிர்வாகத்தை நீண்ட காலம் பார்த்துக்கொண்டார்.

அரவிந்தனுடன் ஐந்து படங்கள்

அடுத்து ரவி நம்பிய இயக்குநர் அரவிந்தன், ரப்பர் வாரியத்தில் வேலை பார்த்தவர். மாத்ருபூமி வார இதழில் பல ஆண்டுகள் தொடர் சித்திரம் வரைந்தவர். அவருடைய முதல் படமான ‘உத்தராயணம்’ எழுத்தாளர் பட்டத்துவிள கருணாகரனின் தயாரிப்பு. இரண்டாவது படத்துக்கு அவர் வைத்திருந்த எண்ணம் எந்த விநியோகஸ்தரையும் ஓட வைக்கும். சி.என். ஸ்ரீகண்டன் நாயரின் ‘காஞ்சனசீதா’ நாடகத்தைத் தழுவிய உத்தரராமாயணக் கதை. ராமனாகவும் லட்சுமணனாகவும் நடிக்கப் போவது ஆந்திரத்தின் செஞ்சு பழங்குடி மக்கள். அவர்கள் தங்களை ராமனின் வழிவந்தவர்களாகக் கருதுபவர்கள். சீதை திரையில் தோன்றவே மாட்டாள். காற்றாக, மழையாக, மரக்கிளைகளின் அசைவாக மட்டும் இருப்பாள். கிரீடம் கிடையாது, அரண்மனை கிடையாது, வசனமும் மிகக் குறைவு.

சீதை இல்லாத ராமாயணத்துக்குப் பணம் கேட்டு வந்தவரிடம் ரவி கொடுத்தார். 1977-இல் படம் வந்தது. பக்தர்கள் கோபப்பட்டார்கள், ரசிகர்களில் பலர் குழம்பினார்கள். அரவிந்தனுக்குச் சிறந்த இயக்குநருக்கான தேசிய விருது கிடைத்தது. ஒளிப்பதிவு செய்த ஷாஜி என். கருண் என்ற இளைஞர் பின்னாளில் தானே உலகம் அறிந்த இயக்குநரானார்.

அடுத்த நான்கு ஆண்டுகளில் ஜெனரல் பிக்சர்ஸுக்காக அரவிந்தன் எடுத்த படங்கள் நான்கு: ‘தம்பு’ (1978), ‘கும்மாட்டி’ (1979), ‘எஸ்தப்பான்’ (1980), ‘போக்குவெயில்’ (1981). இவற்றில் ஒன்றைப்போல் இன்னொன்று இல்லை. ‘எஸ்தப்பா’னில் கடற்கரை மக்கள் ஒரு விசித்திர மனிதனைப் பற்றி ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள், ஓவியர் ராஜன் காக்கநாடன் அந்த மனிதனாக வருகிறார். ‘போக்குவெயி’லில் கவிஞர் பாலசந்திரன் சுள்ளிக்காடு மனம் சிதையும் இளைஞனாக நடித்தார். ஹரிபிரசாத் சௌராசியாவின் குழலை ஒட்டியே அதன் காட்சிகள் நகர்கின்றன.

‘தம்பு’வைச் சற்று அருகில் போய்ப் பார்ப்போம். ஒரு லாரி வருகிறது. அதில் ஒரு சர்க்கஸ் குழு. பாரதப்புழைக் கரையில், திருநாவாயில் கூடாரம் அடிக்கிறார்கள். ஆட்டம் தொடங்குகிறது. ஷாஜியின் கேமரா அந்தரத்தில் தொங்குபவர்களை விட்டுவிட்டு, கூட்டத்தின் பக்கம் திரும்புகிறது. வாய் பிளந்த சிறுவன், முந்தானையால் வாயைப் பொத்திய பெண், சிரிப்பதா பயப்படுவதா என்று தெரியாத கிழவர். அவர்கள் யாரும் நடிகர்கள் அல்லர், சர்க்கஸ் பார்க்க வந்த ஊர்க்காரர்கள். கறுப்பு வெள்ளையில் அந்த முகங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டே இருக்கின்றன. இதில் கதை என்ன நகர்ந்தது என்று எந்த வியாபாரியும் கேட்பார், வெட்டச் சொல்வார். ரவியின் படத்தில் அந்த முகங்கள் அப்படியே இருந்தன. அரவிந்தனுக்கு இயக்கத்துக்கான தேசிய விருது மீண்டும் கிடைத்தது. ஷாஜிக்கு ஒளிப்பதிவுக்கான தேசிய விருது. ரவியின் மனைவி உஷா இந்தப் படத்தில் பாடியிருக்கிறார். அந்த வீட்டில் கலை விருந்தினராக வந்துபோகும் ஒன்றாக இருக்கவில்லை என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

‘கும்மாட்டி’ குழந்தைகளுக்கான படம். பாட்டுப் பாடிக்கொண்டு ஊருக்குள் வரும் மந்திரக் கிழவன், பிள்ளைகளை விளையாட்டாக விலங்குகளாக மாற்றுகிறான். திரும்ப மனிதர்களாக்கும் நேரத்தில் நாயாகிவிட்ட சிண்டன் என்ற சிறுவன் மட்டும் அங்கே இல்லை. ஓர் ஆண்டு நாயாகவே திரிந்து, பிறகு மனிதனான அந்தச் சிறுவன், வீட்டில் கூண்டிலிருந்த பறவையைத் திறந்துவிடுகிறான். சுதந்திரம் என்றால் என்ன என்று குழந்தைக்குச் சொல்ல இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியவில்லை.

அடூருடன் நான்கு படங்கள்

‘எலிப்பத்தாயம்’ 1981-இல் வந்தது. அடூரின் முதல் வண்ணப்படம். இடிந்துகொண்டிருக்கும் ஒரு தறவாட்டில், அதாவது பழைய குடும்ப வீட்டில், உண்ணி என்ற நடுவயதுக்காரன், தன் சகோதரிகளின் உழைப்பில் உட்கார்ந்து தின்கிறான். வாசல் வழியில் தேங்கிய சிறு தண்ணீரைத் தாண்டத் துணிவில்லாமல் கல்யாணத்துக்குப் போகாமலே திரும்பி வருகிறான். இளையவள் ஸ்ரீதேவி எலிப்பொறியைத் தூக்கிக்கொண்டு போய்க் குளத்தில் அமிழ்த்துகிறாள். நடுவில் பிறந்த ராஜம்மா ஓயாமல் வேலை செய்து, நோயில் விழுந்து, வீட்டைவிட்டுத் தூக்கிச் செல்லப்படுகிறாள். ஒவ்வொரு பெண்ணுக்கும் ஒரு நிறம்: ராஜம்மாவுக்கு நீலம், ஸ்ரீதேவிக்குச் சிவப்பு, மூத்தவள் ஜானம்மாவுக்குப் பச்சை. பின்னணி இசை எம்.பி. சீனிவாசன், சென்னையில் வாழ்ந்து சேர்ந்திசைக்காக உழைத்த நம் எம்.பி.எஸ். பிரிட்டிஷ் ஃபிலிம் இன்ஸ்டிட்யூட்டின் சதர்லண்ட் கோப்பை 1982-இல் இந்தப் படத்துக்குக் கிடைத்தது. கேன் திரைப்பட விழாவிலும் திரையிடப்பட்டது.

மூன்று ஆண்டுகள் கழித்து ‘முகாமுகம்’. தொழிற்சங்கத்தை வளர்த்த ஸ்ரீதரன் என்ற கம்யூனிஸ்ட் தலைவர் தலைமறைவாகிறார். நெடுநாள் கழித்துத் திரும்பி வந்தவர் குடிக்கிறார், தூங்குகிறார். தொண்டர்களுக்கு அவரை என்ன செய்வதென்று தெரியவில்லை. அவர் கொல்லப்பட்ட பிறகுதான் மீண்டும் தலைவராகிறார், சுவரொட்டியில். கேரளத்தின் இடதுசாரிகளிடம் படம் பெரும் எதிர்ப்பைக் கிளப்பியது. கொல்லம் முந்திரித் தொழிற்சங்கங்கள் வலுவாக இருந்த ஊர், அந்த ஊரில் ஆலைகள் நடத்தியவர்தான் தயாரிப்பாளர். இப்படி ஒரு படத்தால் வரக்கூடிய தொல்லையை எண்ணி ஒதுங்கியிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவர் ஒதுங்கவில்லை. படம் வெளிவந்தது. அடுத்த படத்தையும் அதே இயக்குநருக்கே கொடுத்தார். அந்தப் படம் ‘அனந்தரம்’ (1987). ஓர் இளைஞன் தன் கதையை இருமுறை, இருவிதமாகச் சொல்கிறான். எது உண்மை என்பதைப் படம் முடித்துவைப்பதில்லை.

கடைசியாக, 1993-இல் ‘விதேயன்’. சக்கரியாவின் குறுநாவல். தென் கன்னடப் பகுதியில் கொடுங்கோலனான பட்டேலர், அவனிடம் அடிமைப்பட்டு அந்த அடிமைத்தனத்தையே நேசிக்கத் தொடங்கும் தொம்மி. மம்மூட்டி என்ற பெரிய நட்சத்திரம் பட்டேலராக நடித்தார். நட்சத்திரம் இருக்கிறதே என்று படத்தில் ஓர் அங்குலமும் சமரசம் இல்லை. மம்மூட்டிக்குக் கிடைத்த அந்த ஆண்டின் சிறந்த நடிகர் தேசிய விருதில் இந்தப் படத்துக்கும் பங்குண்டு.

இவற்றுக்கு நடுவே, 1983-இல், எம்.டி. வாசுதேவன் நாயர் தன் நாவலான ‘மஞ்ஞு’வைத் தானே இயக்க, நைனிடாலில் நடக்கும் அந்தக் காத்திருப்பின் கதையையும் ஜெனரல் பிக்சர்ஸே எடுத்தது. ‘விதேய’னோடு ரவி நிறுத்திக்கொண்டார். பிறகு முப்பது ஆண்டுகள் வாழ்ந்தார், படம் எடுக்கவில்லை.

விலகி நிற்பதன் உழைப்பு

ரவி படப்பிடிப்பில் தலையிட மாட்டார் என்பதை அவரோடு வேலை பார்த்தவர்கள் எல்லோரும் சொல்லியிருக்கிறார்கள். இதைக் கேட்டதும், பணத்தைக் கொடுத்துவிட்டு மறந்துபோகும் பெரிய மனிதர் என்று நினைத்துவிடக் கூடாது. அவருடைய உழைப்பெல்லாம் படம் தொடங்குவதற்கு முன்பே முடிந்துவிடுகிறது. யாரை நம்புவது என்ற முடிவில்தான் அவர் ரசனையும் படிப்பும் அனுபவமும் சேர்ந்து நிற்கின்றன. பாஸ்கரன், வின்சென்ட், அரவிந்தன், எம்.டி., அடூர் என்று 14 படங்களுக்கு ஐந்தே இயக்குநர்கள். ஒருவரை நம்பினால் பெரும்பாலும் ஒரு படத்தோடு விடுவதில்லை. மூன்று, நான்கு, ஐந்து என்று தொடர்ந்து கொடுத்தார். அரவிந்தனோடு எடுத்த முதல் படத்தின் லாப நட்டத்தைப் பார்த்து அடுத்ததை முடிவு செய்திருந்தால் ‘கும்மாட்டி’ பிறந்திருக்காது. ஓர் இயக்குநர் தன் மொழியைக் கண்டடைய மூன்று நான்கு படங்கள் ஆகும், அந்தக் காலத்துக்கு யாராவது பொறுப்பேற்க வேண்டும். ரவி ஏற்றார்.

பயிர் முளைத்ததா என்று தினமும் தோண்டிப் பார்க்கும் விவசாயியிடம் பயிர் தேறாது. திரைத் தொழிலில் நம்மில் பெரும்பாலோர் தோண்டிப் பார்ப்பவர்களாகத்தான் இருக்கிறோம்.

பணம் வந்த வழி

ஒரு கேள்வியைத் தாண்டிப் போக எனக்கு மனம் ஒப்பவில்லை. முந்திரிப் பணம் யாருடைய உழைப்பு?

குமரி மாவட்டத்துக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ‘அண்டி ஆபீஸ்’ என்ற முந்திரி ஆலைக்குப் போய் வந்த தாயும் பாட்டியும் இந்த அவையில் பலருக்கும் இருப்பார்கள். வறுத்த கொட்டையைத் தரையில் குந்தியிருந்து மரக்கட்டையால் ஒவ்வொன்றாகத் தட்டி உடைப்பார்கள். ஓட்டிலிருந்து வழியும் எண்ணெய் தோலைப் புண்ணாக்கும். அதற்குச் சாம்பலோ எண்ணெயோ தடவிக்கொள்வார்கள். விரல் நுனி கறுத்தே இருக்கும். உடைந்தால் விலை குறைந்துவிடும், முழுப் பருப்பாக எடுக்க வேண்டும். பிறகு தோல் உரிப்பு, தரம் பிரிப்பு. ஒரு பவுண்டுக்கு 300 முதல் 320 வரை நிற்கும் வெள்ளை முழுப் பருப்புக்கு டபிள்யூ 320 என்று பெயர், 180-க்குள் நிற்பது டபிள்யூ 180. கண்ணாலும் கையாலும் இதைப் பிரித்தெடுத்தவர்கள் பெண்கள். கொல்லத்தின் முந்திரித் தொழிலாளர்களில் மிகப் பெரும்பான்மையோர் பெண்கள், அதிலும் தலித், பிற்படுத்தப்பட்ட சமூகத்துப் பெண்கள். குறைந்தபட்சக் கூலிக்காக அங்கே சங்கங்கள் போராடியபோது, மலிவான கூலியைத் தேடி ஆலைகள் சில நம் பக்கத்துக்கு வந்த வரலாறும் உண்டு. தொழில் முழுவதன் நிலையைச் சொல்கிறேன், தனியொரு நிறுவனத்தைச் சுட்டவில்லை.

மலையாளக் கலைப்படத்தின் பெருமையைப் பேசும்போது இந்தப் பெண்களின் பெயர்கள் எந்த எழுத்தோட்டத்திலும் வருவதில்லை. வர வேண்டும் என்பது என் கருத்து. ‘எலிப்பத்தாய’த்தின் ராஜம்மாவை, உழைத்து உழைத்து ஓய்ந்துபோன அந்தப் பெண்ணைப் பார்க்கும்போது, அந்தப் படத்துக்கான முதலும் பெண்களின் கைகளிலிருந்துதான் வந்தது என்பதை நாம் நினைத்துக்கொள்ள வேண்டும். இதனால் ரவியின் பெருமை குறையாது. பணம் எங்கிருந்து வருகிறதோ அங்கேயே ஒரு பகுதி திரும்ப வேண்டும் என்ற கடனை அது எல்லோருக்கும் நினைவூட்டும். கொல்லத்தின் நூலகம் அந்தக் கடனில் ஒரு பங்கைத் தீர்த்தது. முழுவதையும் தீர்க்க ஒரு மனிதரால் ஆகாது. அது அரசும் சமூகமும் சேர்ந்து தீர்க்க வேண்டிய கடன்.

காப்பதும் தயாரிப்பாளரின் கடமை

ஒன்றை மட்டும் சேர்த்துச் சொல்லிவிட்டு முடிக்கிறேன். இத்தனை பெருமை பெற்ற படங்களின் மூல நெகட்டிவ்களே நம்மிடம் முழுதாக இல்லை. ‘கும்மாட்டி’யின் நெகட்டிவ் கிடைக்கவில்லை. புனே ஆவணக் காப்பகத்தில் இருந்த பழைய பிரதிகளை வைத்து, மும்பையின் ஃபிலிம் ஹெரிடேஜ் ஃபவுண்டேஷனும் மார்ட்டின் ஸ்கார்செசியின் ஃபிலிம் ஃபவுண்டேஷனும் இத்தாலியின் போலோனியா நகரக் காப்பகமும் சேர்ந்து 2021-இல் மீட்டெடுத்தன. அடுத்த ஆண்டு, மீட்டெடுக்கப்பட்ட ‘தம்பு’ கேன் விழாவில் திரையிடப்பட்டது. திருநாவாய் மக்களின் முகங்களை உலகம் மீண்டும் பார்த்தபோது ரவி உயிரோடு இருந்தார் என்பது எனக்குப் பெரிய நிறைவு. ஆனால் அதைக் காண அரவிந்தன் இல்லை. அவர் 1991-லேயே போய்விட்டார்.

நம் காலத்தில் படம் எடுப்பது எளிதாகிவிட்டது, காப்பது இன்னும் கடினமாகிவிட்டது. லேபில் கிடந்த பெட்டிகளுக்காவது உருவம் இருந்தது. வன்தட்டில் இருப்பது ஒரு நாள் திறக்காமலே போகும். தன் படத்தின் நல்ல பிரதி ஒன்றைப் பொதுக் காப்பகத்தில் ஒப்படைப்பதைத் தயாரிப்புச் செலவின் ஒரு பகுதியாகவே ஒவ்வொரு தயாரிப்பாளரும் எழுதிவைக்க வேண்டும்.

இளைஞர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்களில் பலர் இயக்குநராக விரும்புகிறீர்கள். சிலராவது தயாரிப்பாளராக விரும்புங்கள். தொழில் செய்து நாலு காசு சேர்த்தபின், உங்கள் ஊரில் எழுதுபவரையும் படமெடுப்பவரையும் தேடிப் போங்கள். நிறையப் படியுங்கள், நிறையப் பாருங்கள். ஆளைத் தேர்வதற்கு அந்தப் படிப்பு ஒன்றுதான் துணை. தேர்ந்தபின் நம்புங்கள். ஒரு படம் தோற்றால் இரண்டாவதைக் கொடுங்கள். லாபம் வந்தால் ஊருக்கு ஒரு நூலகமோ அரங்கமோ கட்டுங்கள், உழைத்தவர்களின் கூலியை முதலில் தீருங்கள். தனியொருவரால் இவ்வளவும் ஆகுமா என்ற சந்தேகம் வேண்டாம். கொல்லத்தில் ஒருவர் 14 படங்களில் செய்து காட்டியிருக்கிறார். அவரிடம் பெரும் செல்வம் இருந்தது. அதைவிட, அதை எங்கே வைக்க வேண்டும் என்ற தெளிவு இருந்தது. செல்வம் நம் எல்லோருக்கும் வாய்க்காது. தெளிவை இன்றே தேடிக்கொள்ளலாம்.